காணோம் என்றால் செத்துப்போச்சு என்று எழுதாதீர்கள்

மறுபடியும் அதே பேச்சு. தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், எலி பிடிக்கக் கூட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். போன வருஷம் காலில் எண் போட்ட வளையம் மாட்டிய ஆந்தைகளில் பாதிக்கு மேல் இந்த வருஷம் பெட்டிகளில் இல்லையாம். "எல்லாம் செத்துப்போச்சு, ஆந்தையை நம்பிப் பிரயோஜனமில்லை" என்று முடிவுகட்டி, எலி மருந்துக்கு ஆர்டரும் போட்டுவிட்டார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதே கணக்குத்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஐயா, காணாமல்போனது வேறு, செத்தது வேறு. ஓர் ஆந்தை ஏட்டில் ஏற வேண்டுமென்றால் அது உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, நம் கண்ணிலும் பட வேண்டும். மழையில் மண்சாலை வழுக்கி, கடைசி டிவிஷன் பெட்டிகளைத் திறக்காமலே திரும்புகிறோம். பெட்டியில் குளவி கூடு கட்டியிருந்தால் ஏணியை இறக்கிவிடுகிறோம். அங்கே இருந்த ஆந்தைகள் எல்லாம் செத்தவை ஆகிவிடுமா?

100 ஆந்தைகளுக்கு வளையம் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷம் 45 கண்ணில் பட்டன. உடனே 55 செத்தன என்று எழுதிவிடாதீர்கள். மூன்றாம் வருஷமும் போய்ப் பாருங்கள். அப்போது அந்த 100-இல் 35 கிடைக்கின்றன. அவற்றில் 21 மட்டுமே இரண்டாம் வருஷ ஏட்டில் இருக்கின்றன. மற்ற 14-ம் அந்த வருஷம் உயிரோடுதான் இருந்தன, நாம்தான் பார்க்கவில்லை. ஆக, நிச்சயமாக உயிரோடிருந்த 35-இல் நாம் பார்த்தது 21, அதாவது 60 விழுக்காடு. 45-ஐ 0.6-ஆல் வகுத்தால் 75. ஆக, இல்லாமல்போனவை 55 இல்லை, சுமார் 25 தான். புள்ளியியல் அறிஞர்கள், 1964-இல் கோர்மாக்கும், 1965-இல் ஜாலி, செபர் இருவரும், தனித்தனியே எழுதிய முறையின் அடிப்படை இதுதான். 'மார்க்' என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும்.

அந்த 25-லும் தோட்டத்தை விட்டே பறந்துபோனவை இருக்கும். பார்த்த ஏட்டை மட்டும் வைத்து அவற்றைச் செத்தவற்றிலிருந்து பிரிக்க முடியாது. குஞ்சுகளையும் பெரியவற்றையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்வது அதனால்தான். குஞ்சுகள் வளர்ந்ததும் பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடும். முதல் வருஷத்தில் சாவும் அதிகம்.

புரோடிஃபாக்கும் போன்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். ஆந்தை இல்லை என்று தப்பாகக் கணக்குப் போட்டு, இருக்கிற ஆந்தைக்கு விஷம் வைக்கிறோம்.

திறந்த பெட்டி, திறக்காத பெட்டி இரண்டையும் எழுதுங்கள். வருஷா வருஷம் ஒரே மாதத்தில் போங்கள். வளைய எண் சரியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் அனுமதியில்லாமல் நீங்களாக வளையம் மாட்டவே கூடாது.

குலை வெட்டும் அண்ணன்மார்களே, பழம் பொறுக்கும் அக்காமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். செத்த ஆந்தை கிடந்தால் காலைப் பாருங்கள். வெறும் கையால் தொட வேண்டாம். வளைய எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து, எந்த இடம் என்று மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோரிடம் (மேஸ்திரியிடம்) சொல்லுங்கள். எது செத்தது, எது பறந்துபோனது என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு எண் உதவும்.