பிரேக் பிடிக்கல: ஒரு சொல்லும் அதன் பிடியும்

பினாங்கில் பாலேக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாயா தெருபோங் பக்கம் இறங்கியவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். போன மாதம் அந்த இறக்கத்தில் என் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் லீவர், நனைந்த பஞ்சை அமுக்குவது போலக் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டியோ தன் போக்கில் போனது. பின் பிரேக்கையும் சின்ன கியரையும் நம்பி ஒருவழியாக இறங்கி, நேரே பட்டறைக்குப் போனேன்.

"அண்ணே, முன்னால பிரேக்கு பிடிக்கல" என்றேன். பக்கத்தில் தன் கப்சாய்க்கு, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, எண்ணெய் மாற்ற உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பாக்சிக் (மாமா), "தக் மாக்கான்?" என்று கேட்டார். நாம் பிடிக்கவில்லை என்பதை மலாயில் தின்னவில்லை என்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரேக் கடிக்கிறது என்றுதான் பேச்சு. இரண்டு மொழிக்கு அது வாயின் வேலை; நமக்குக் கையின் வேலை. சொல் விளக்கத்தை இங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

பிரேக் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் ஆய்வாளர்களுக்குள் ஒரே முடிவு இல்லை. நார் எடுப்பதற்காகச் செடித்தண்டை நசுக்கும் கருவிக்கு 15ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் இருந்தது. அது டச்சு மொழியில் உடைப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. கை என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று, நெம்புகோல் என்ற கருத்தின் வழியாக வந்து கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. சக்கரத்தை நிறுத்தும் கருவிக்கு அந்தப் பெயர் பின்னால் வந்ததுதான். உடைத்தலையும் இடைவேளையையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் (break) வண்டியின் பிரேக்குக்கும் (brake) எழுத்து வேறு, ஒலி ஒன்று. தமிழில் எழுத்தும் ஒன்றாகிவிட்டது. "பிரேக் விட்டாச்சு" என்று பட்டறையில் சொன்னால் தேநீர் குடிக்கப் போகிறார்களா, வண்டி போச்சா என்று ஆள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குத் தமிழில் என்ன? தடை, தடுப்பு, தடுப்பி, நிறுத்தி என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். தடை என்றால் எனக்கு முதலில் அரசாங்க அறிவிப்புதான் நினைவுக்கு வருகிறது. தடுப்பு என்றால் காவல் அல்லது ஊசி. நிறுத்தி பரவாயில்லை, ஆனால் பிரேக்கின் வேலை எப்போதும் நிறுத்துவதல்ல. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவும் அதைத்தான் தொடுகிறோம். அகராதிக்கு ஒன்று வேண்டுமென்றால் தடுப்பி என்பேன்.

உண்மையில் தமிழில் பிரேக்குக்கு வேர்விட்ட சொல் ஒன்று இருந்தது. அது முட்டுக்கட்டை. தேர்ச் சக்கரத்தின் அடியில் ஆள் குனிந்து மரக்கட்டையைச் செருகுவார். தேர் திரும்பும், மெதுவாகும், நிற்கும். அதுதான் அந்தக் காலத்துப் பிரேக். ஏறத்தாழ 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நாம் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவன் முட்டுக்கட்டை போடுகிறான். இனி என் மோட்டாரில் இரண்டு முட்டுக்கட்டை இருக்கிறது என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? கட்டை மட்டும் எப்படியோ தப்பித்தது. சைக்கிளில் ரப்பர்த் துண்டைப் பிரேக் கட்டை என்றுதான் சொல்லி வந்தோம். டிஸ்க் பிரேக்கில் பேட் (pad) என்பதையும் அப்படியே கட்டை என்றால் என்ன குறைந்துவிடும்?

பெயர்ச்சொல்லை இரவல் வாங்கினாலும் வினைச்சொல்லை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. பிரேக் போடுகிறோம், அவசரத்தில் அடிக்கிறோம். ஆனால் அது வேலை செய்கிறதா என்று கேட்க ஒரே சொல்தான்: பிடிக்கிறதா? மழை பிடித்துக்கொள்ளும், நேரம் பிடிக்கும், மனதுக்கும் பிடிக்கும், துரு பிடிக்கும், வாயு பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால் கடைசி இரண்டில் ஏதாவது ஒன்று பிடித்தால் பிரேக் பிடிக்காது.

எனக்கு வாயு. அண்ணன் லீவரை ஒருமுறை அழுத்தினார், பிறகு விடாமல் நான்கைந்து முறை அடித்தார். அடிக்க அடிக்க லீவர் கொஞ்சம் கெட்டியானது. "பாத்தியா, காத்து தம்பி." லீவரை அழுத்தினால் மேலே உள்ள மாஸ்டர் பம்ப் பிரேக் எண்ணெயைத் தள்ளும், அந்த அழுத்தம் குழாய் வழியாகக் கீழே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கட்டையைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் அமுக்கும். திரவம் அமுங்காது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடே. நடுவில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தால் அது அமுங்கிக் கொடுக்கும். நம் விரலின் பலமெல்லாம் அதிலேயே போய்விடும்.

மூடியைத் திறந்து காட்டினார். புதிதாக இளமஞ்சளாக இருக்க வேண்டிய எண்ணெய் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் இருந்தது. நான்கு வருடம் மாற்றவில்லை, குற்றம் என்னுடையதுதான். நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புது டாட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளேயே குமிழ் விடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த எண்ணெய் பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

லீவர் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் கதை வேறு. கட்டை தேய்ந்திருக்கும், அல்லது சூட்டில் முகம் கண்ணாடி போல வழுவழுத்திருக்கும், அல்லது சங்கிலிக்கு அடித்த எண்ணெய் டிஸ்க்கில் பட்டிருக்கும். பிஸ்டன் துரு பிடித்து இறுகினாலும் இதே கதிதான். எண்ணெய் குடித்த கட்டையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து நடந்த வைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் இரத்தம் வடித்தல் என்று பொருள்படும் பெயர். இதை அப்படியே தமிழாக்கி "பிரேக் இரத்தப்போக்கு" என்று எழுதியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காற்று எடுப்பது, அவ்வளவுதான். பழுதுக்கு மலாயில் மாசுக் ஆங்ஙின், காற்று புகுந்துவிட்டது. உடம்புக்கு முடியாமல் வயிறு உப்பினாலும் அவர்களுக்கு அதே சொல்தான், நம் வாயுப் பிடிப்பைப் போல. ஆங்கிலேயனும் மலாய்க்காரரும் நாமும் இந்த ஒரு பழுதுக்கு மட்டும் வண்டியை மறந்துவிட்டு உடம்பைப் பற்றிப் பேசுகிறோம்.

காலிப்பரில் இருக்கும் சிறிய முனையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை மினரல் வாட்டர் போத்தலில் விட்டார். நான் லீவரை நாலு முறை அடித்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் 8 ஸ்பேனரால் கால் சுற்று திறந்து மூடுவார். மூடியபின்தான் நான் விடலாம். முந்திக்கொண்டு விட்டால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மேலே எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தார். முதலில் கறுப்பாக வந்தது, பிறகு குமிழ் குமிழாக, கடைசியில் சுத்தமாக.

"இப்ப அமுக்கு."

பாதி தூரத்திலேயே லீவர் கெட்டியாக நின்றது. பாக்சிக் தன் கப்சாயிலிருந்து திரும்பிப் பார்த்து, "சுடா மாக்கான்?" என்றார், தின்றுவிட்டதா என்று. "பிடிச்சிருச்சு பாக்சிக்" என்றேன், தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.