இயற்கை வாயு என்றால் போதுமா?

மட்டக்களப்பின் கல்லடிப் பக்கம் கண்டல் அடர்ந்த வாவியோரத்தில் தோணியை ஊன்றித் தள்ளினால், கம்பு குத்திய சேற்றிலிருந்து குமிழிகள் கொப்பளிக்கும். "மாமா, இதுவும் காஸா?" என்றான் மருமகன். ஓம், பெரும்பாலும் மெதேன். வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ வேறு: புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டுக்கும் நம் வாயில் 'காஸ்' ஒன்றுதான். அப்படியென்றால் 'நச்சுரல் காஸ்' என்பதைத் தமிழில் 'இயற்கை வாயு' என்று எழுதினால் போதுமா?

'காஸ்' என்ற சொல்லை ஆக்கியவர் 17ஆம் நூற்றாண்டு பிளெமிய மருத்துவர் வான் எல்மொன்ட். ஒழுங்கற்ற பெருவெளியைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். கரி எரியும்போதும் மது நொதிக்கும்போதும் வருவதற்கு அவர் அந்தப் பெயரை வைத்தார்; அதுதான் இன்றைய காபனீரொட்சைட்டு. வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்று முதலில் பெயர் பெற்றது எரியாத ஒன்று!

'இயற்கை' என்ற அடை பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டு நகரங்களில் தெருவிளக்கு எரிந்தது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயுவில். அது செயற்கை, நிலத்தடியில் கிடைத்தது இயற்கை.

நிலத்தடியில் அது உண்டாகும் வழியும் ஒன்றல்ல. வாவிச் சேற்றில் ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுகிய இலைகுழைகளிலிருந்து மெதேனை ஆக்குகின்றன. ஆழத்தில் அந்த வேலையைச் செய்வது வெப்பம். கடலடியில் சேற்றோடு புதைந்த மிதவையுயிர்கள் ஏறக்குறைய 60 முதல் 120 பாகை செல்சியசில் எண்ணெயாகும். இன்னும் சூடேறினால் வாயுவாகும். மட்டக்களப்பின் அடியில் இருப்பது பழைய உருமாறிய பாறை, அதில் இதைத் தேடிப் பயனில்லை. மன்னார்ப் படுகையின் அடையல்களிலோ 2011இல் வாயு கண்டார்கள்.

நிலத்தடியில் எரியாத வாயுவும் உண்டு. காபனீரொட்சைட்டு மக்மாவிலிருந்து, அதாவது உருகிய பாறைக் குழம்பிலிருந்து, வரும்; சுண்ணக்கல் ஆழத்தில் வேகும்போதும் பிரியும். கல்குடாப் பக்கம் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டபோது வெளியேறியதும் இதேதான்.

சரி, தமிழில் எது பொருத்தம்? 'வளி' சங்க காலத்துச் சொல், ஐம்பூதங்களில் ஒன்று. ஆனால் நம் பாடசாலை வழக்கில் அது காற்றுக்குப் போய்விட்டது. வாயு வடசொல் என்றாலும் ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. 'இயற்கை வாயு' என்று பாதியில் நிறுத்துவதுதான் பிசகு. 'இயற்கை எரிவாயு' என்று எழுத வேண்டும். இந்தோனேசியாவின் நத்துனா எரிவாயு வயலில் இருக்கும் வாயுவில் ஏறக்குறைய 70 வீதம் காபனீரொட்சைட்டு. அத்தனையும் இயற்கையானதுதான், அடுப்பில் எரியக்கூடியது மிச்சம் மட்டுமே.