சோலார் டவர் விடியற்காலையில் ஏன் படுத்துவிடுகிறது?

சோலார் மின்சாரத்தில் ஓடும் செல்போன் டவர்களில், இந்த மழைக்காலத்தில் மட்டும் இது நான்காவது சைட். தொடர்ந்து மூன்று நாள் மூடாப்பு. நான்காம் நாள் விடியற்காலை மூன்றரைக்கு டவர் படுத்துவிட்டது. போய் பேட்டரி அலமாரியைத் திறந்தால், 48 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் 37 காட்டுகிறது. இரண்டு செல்கள் பக்கவாட்டில் உப்பியிருக்கின்றன. மின்னழுத்தம் இறங்கினால் லோடை, அதாவது மின்சாரம் இழுக்கும் கருவிகளை, துண்டித்துப் பேட்டரியைக் காக்கும் ரிலேயைத் தாண்டி ஒரு வயர்த்துண்டு முறுக்கப்பட்டிருக்கிறது; ரிலே துண்டிக்கவே வழியில்லை. "சிக்னல் போகவே கூடாதுன்னு சொன்னாங்க சார்" என்றார் சைட்டைப் பார்த்துக்கொள்பவர். சிக்னலும் போயிற்று, பேட்டரியும் போயிற்று.

"ஒரு கிலோவாட் லோடுக்கு ஒரு கிலோவாட் பேனல் போட்டிருக்கிறோமே, பிறகென்ன?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். டவருக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. ஒரு கிலோவாட் லோடு 24 மணி நேரம் ஓடினால் 24 யூனிட். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணோ, ஆய்வகத்தில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் காயும் செல் 60 டிகிரியைத் தாண்டும். கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போய்விடும். நல்ல வெயில் நாளிலேயே ஒரு கிலோவாட் பேனல் நான்கைந்து யூனிட் கொடுத்தால் பெரிது. ஆக, தூசியையும் சார்ஜ் இழப்பையும் சேர்த்தால் அதே டவருக்கு ஏழெட்டு கிலோவாட் பேனல் வேண்டும். அதுவும் வெயில் அடிக்கிற நாளுக்கு மட்டும்தான்!

மூடாப்பு நாளைத் தாங்க வேண்டியது பேட்டரி. மூன்று நாளுக்கு 72 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. அப்படியானால் 144 யூனிட், அதாவது 48 வோல்ட்டில் 3,000 ஆம்பியர்-ஹவர். லித்தியம் என்றால் இன்னும் ஆழமாக வடிக்கலாம், ஆனாலும் சிறிய தொகுப்பு இல்லை. இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள்.

அதனால்தான் முதலில் லோடைக் குறையுங்கள் என்கிறேன். யாரும் பேசாத நேரத்திலும் பேஸ் ஸ்டேஷன் (போன்களோடு சிக்னல் பரிமாறும் டவர் கருவி) கணிசமான மின்சாரத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும். நள்ளிரவில் தேவையில்லாத கேரியர்களை (சிக்னலைச் சுமக்கும் அலைவரிசைகளை) உறங்க வைக்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. எத்தனை சைட்டில் அதை இயக்காமலே விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது. (காற்றில் இருக்கும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில். சின்ன சென்சாருக்கு ஆகும், டவருக்கு ஆகாது.)

பேனலை டவரின் நிழல் விழும் பக்கம் வைக்காதீர்கள். ஒரே ஒரு செல்லை நிழல் மூடினாலே அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். லெட்-ஆசிட் பேட்டரியைத் தகரப் பெட்டியில் வெயிலில் வேகவிடாதீர்கள். 25 டிகிரிக்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி.

அந்த ரிலேயில் மட்டும் கை வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது துண்டித்தால் சில மணி நேரம் சிக்னல் இருக்காது. வெயில் ஏறி பேட்டரி தேறியதும் தானாகவே இணைத்துவிடும். பேட்டரி செத்துவிட்டால், மாற்றுத் தொகுப்பு வந்து சேரும்வரை அந்த டவரை நம்பியிருப்பவர்கள் ஆம்புலன்சைக்கூடக் கூப்பிட முடியாது.