சாவி கொஞ்ச நேரம் என் கையில் இருக்கட்டும்

கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை வீடு. வீட்டோடு சேர்ந்த சின்ன ஜெட்டி, அதாவது படகுத்துறை. வீட்டுக்காரர் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார், பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனது பக்கத்தில் கட்டியிருந்த ஃபைபர் வள்ளத்துக்கு கியர் ஆயில் மாற்ற. அவர்களுடைய ஸ்பீடு போட்டுக்கும் எனக்கும் அன்றைக்குச் சம்பந்தமே இல்லை.

போட்டைப் பார்த்துக்கொள்ளும் காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டாவது பெட்ரோல் கேனைக் கவிழ்த்து உதறிவிட்டு, “நாப்பது லிட்டரு ஊத்தியாச்சு. பெட்ரோல் மீட்டரு முள்ளு கால் டேங்கைத் தாண்ட மாட்டேங்குது. மீட்டரு போச்சு போல” என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. போன மாதம்தான் அந்த மீட்டரை நானே மாற்றியிருந்தேன்.

“காக்கா, சாவி கொஞ்ச நேரம் என் கையில இருக்கட்டும்.”

பிள்ளைகளை வீட்டு வாசல்வரை அனுப்பிவிட்டு இன்ஜின் மூடியைத் தூக்கினேன். வாடை மூக்கில் அறைந்தது. அடித்தட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில், பில்ஜ் என்போமே, அங்கே தண்ணீருக்கு மேல் பெட்ரோல் மினுமினுத்துக்கொண்டு ஆடியது. மேல்தட்டில் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கும். அதைப் பிடித்திருந்த கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. துருப்பிடிக்காத ஸ்டீல் போட வேண்டிய இடத்தில் யாரோ சாதா கிளாம்ப் போட்டிருந்தார்கள். ஊற்றியதில் பாதி டேங்குக்குள், பாதி வெளியே.

வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் பில்ஜ் பம்ப் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். கத்தியே விட்டேன். அந்த நேரத்தில் சுவிட்சில் ஒரு சின்னப் பொறி போதும். பொறி வரவில்லை என்றாலும் அத்தனை பெட்ரோலும் கடலுக்குத்தான் போயிருக்கும்.

காருக்குப் பெட்ரோல் போட்டு அப்படியே கிளப்பிப் பழகியவர்களுக்கு இது புரிவது கஷ்டம். காருக்கு அடிப்பக்கம் திறப்பு, ஆவி காற்றோடு போய்விடும். படகு ஒரு கிண்ணம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கிண்ணத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தானாக எழுந்து வராது. காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றத் தயார். ஒரு டம்ளர் பெட்ரோல் முழுக்க ஆவியானால் சின்ன போட்டின் இன்ஜின் அறைக்கு அது தாராளம். கேனைக் கவிழ்க்கும்போது எல்லோரும் சிகரெட்டை அணைக்கிறார்கள், போனைக்கூட உள்ளே வைக்கிறார்கள். ஊற்றி முடித்ததும் மறந்துவிடுகிறார்கள். நான் பயப்படுவது அதற்குப் பிறகு சாவியைத் திருகும் நொடிக்குத்தான்.

அதனால் என் வரிசை இப்படி. ஊற்றுவதற்கு முன் போட்டை முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டி, ஆட்களை இறக்கி, இன்ஜின், பேட்டரி மெயின் சுவிட்ச், அடுப்பு இருந்தால் அடுப்பு, எல்லாம் நிறுத்தி, ஜன்னல் கதவு மூடிகளைச் சாத்திவிடுவேன். ஆவி உள்ளே இறங்கக் கூடாது. ஊற்றி முடித்து டேங்க் மூடியை இறுக்கிய பிறகு எல்லாவற்றையும் விரியத் திறந்து, ப்ளோவர், அதாவது ஆவியை வெளியே தள்ளும் விசிறி, இருந்தால் குறைந்தது நாலு நிமிடம் ஓட்டுவேன். பிறகு குனிந்து பில்ஜில் மூக்கை வைப்பேன். ப்ளோவரை நம்புவதைவிட என் மூக்கை அதிகம் நம்புகிறேன். துளி வாடை இருந்தாலும் ஸ்டார்ட் கிடையாது. அன்றைக்கு மாதிரி பெட்ரோலே உள்ளே கொட்டிக் கிடந்தால் ப்ளோவர் உட்பட எந்த சுவிட்சையும் தொடக்கூடாது.

கழற்றி எடுக்கும் டேங்க் உள்ள அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்) என்றால் இன்னும் சுலபம்: டேங்கைத் தூக்கிக் கரையில் தரைமேல் வைத்து நிரப்புங்கள். படகுக்குள்ளேயோ, பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் இறங்க வழி இல்லாமல் சேரும். வேட்டித் துணி கட்டி வடிகட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. துணி வழியாக ஓடும்போதும் மின்னேற்றம் கூடும். உலோகப் புனல், உலோக வலை, புனல் டேங்க் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் கண்ணாடி, பீங்கானில் ஒரு லிட்டருக்கு மேல் வைக்கக்கூடாது, அதற்கு மேல் என்றால் இறுக மூடிய உலோகப் பாத்திரம், அதுவும் 25 லிட்டருக்குள் என்று 1934 பெட்ரோலியச் சட்டமே சொல்கிறது. நம் ஜெட்டிகளில் பார்ப்பதெல்லாம் சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கேன்.

கழுத்துவரை நிரப்பாதீர்கள். விடியற்காலை 25 லிட்டர் ததும்ப நிரப்பிய டேங்க், மதிய வெயிலில் இருபது டிகிரி சூடேறினால் அரை லிட்டர் பொங்கும். பத்தில் ஒரு பங்கு காலியாகவே இருக்கட்டும்.

டீசல்காரர்கள் சிரிக்க வேண்டாம். நம் நாட்டு டீசலுக்கு விதித்திருக்கும் பற்றுநிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றும் சூடு, 35 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதுதான். சித்திரை வெயிலில் மூடிய இன்ஜின் அறை அதை எப்போதோ தாண்டியிருக்கும்.

வாயால் குழாயை உறிஞ்சி இறக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன். ஒரு மடக்கு மூச்சுக்குழாயில் போனால் நுரையீரல் வெந்துவிடும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது மறுபடி நுரையீரலுக்குள்தான் இறங்கும். நேராக 108. கைப்பம்ப் வாங்கினால் இந்த வேலையே இல்லை.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பல அவுட்போர்டுகளின் கையேடு 10 வரைதான் சரி என்கிறது. பழைய ஹோஸ், பிரைமர் பல்ப் (கையால் அமுக்கி இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழ்) எல்லாம் இதில் ஊறி வெடிப்பு விடுவதை என் பட்டறையில் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். விடுமுறைக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் 1554, கடலோரக் காவல் படை.

சிந்தினால் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி மறைப்பது ரொம்ப மோசம். மேலே மினுமினுப்பு போகும், எண்ணெய் கலங்கி அடியில் இறங்கும். தெற்கே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை, 21 தீவு. வடக்கே பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல். முதலாவதை ஆண் கடல், இரண்டாவதைப் பெண் கடல் என்போம். எதுவானாலும் அடியில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் உறிஞ்சுத் துணி வைத்திருங்கள். தீயணைப்பு உருளை பவுடர் வகையாக, ஜெட்டியில், கை எட்டும் இடத்தில். இன்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால் தீயைத் தாண்டிப் போய் யார் எடுப்பது?

அன்றைக்கு உலோகக் கைப்பம்பால் பள்ளத்தை இறைத்து, பஞ்சுக் கழிவால் துடைத்து, மூடியைத் திறந்தே போட்டோம். சாயங்காலம் வரை காற்று வாங்கியது. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர், “ஒரு கிளாம்ப்புக்கு இவ்வளவா அண்ணே?” என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலையில் புது ஹோஸ் போட்டு, கிளாம்ப் இரட்டையாக மாட்டினேன். காக்கா முதலில் மூடியைத் தூக்கிக் குனிந்து மோந்து பார்த்தார், பிறகுதான் சாவிக்குக் கை நீட்டினார்.