பிரெய்ல் கருவி பழசாகிவிட்டதா? அமெரிக்காவின் ஐகேன்கனெக்ட் திட்டத்தில் கேட்டுப் பெறலாம்

பிரெய்ல் நோட்டேக்கர், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் எழுதவும் படிக்கவும் மடியில் வைத்துத் தட்டும் சின்னக் கருவி. முன்விளிம்பில் 18 அல்லது 32 கட்டங்கள், கட்டத்துக்கு எட்டு ஊசிகள். மின்னஞ்சல் வந்தால் ஊசிகள் மேலெழுந்து எழுத்தாகும். விரல் வரியைத் தடவி முடித்ததும் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி வரும். பார்வை மட்டும் இல்லாதவருக்கு இது மக்கர் செய்தால் செல்போனின் குரலாவது கைகொடுக்கும். காதும் கேட்காதவருக்கு அந்த ஊசிகள்தான் போன், கடிதம், செய்தித்தாள் எல்லாமே.

இந்தக் கருவிகளின் பெரிய தொல்லை, உடைவதற்கு முன்பே காலாவதியாகிவிடுவதுதான். பிரெய்ல்நோட் ஏபெக்ஸ் என்ற மாடல் ஓடியது விண்டோஸ் சிஇ என்ற பழைய இயங்குதளத்தில். 2016-இல் வந்த பிரெய்ல்நோட் டச், ஆண்ட்ராய்டு 4.4-இல். ஊசிகள் நன்றாகவே எழும், விசைகளும் தட்டும். ஆனால் உள்ளே இருக்கும் பிரவுசர் இன்றைய இணையப் பக்கத்தைத் திறக்காது. புதிது வாங்கலாம் என்றால் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

பார்வையும் செவியும் சேர்ந்து குன்றியவர்களுக்கு அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்காக ஆண்டுக்கு 1 கோடி டாலர் வரை ஒதுக்கச் சொன்னது. அதன்படி ஒரு திட்டம் 2012 ஜூலையில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2017-இல் நிரந்தரமானது. நடத்துவது எஃப்சிசி எனும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மக்களிடையே வழங்கும் பெயர் ஐகேன்கனெக்ட். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் அமைப்பிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வருமான வரம்பு கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 4 மடங்கு. 2025 கணக்குப்படி, அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில் தனி ஆளுக்கு 62,600 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர். ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மாதச் சம்பளக்காரர் பலர் இதற்குள் வருவார்கள். மெடிக்எய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெறுகிறவருக்கு வருமானச் சான்று தனியாகத் தேவையில்லை. குறைபாட்டை நேரில் அறிந்த மருத்துவரோ, அதுபோன்ற தொழில்முறை வல்லுநரோ கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

சரி, கருவி கைக்கு வந்ததும் திட்டம் முடிந்துவிடுகிறதா? இல்லை. பலருக்கும் தெரியாமல் போவது இந்த இடம்தான். எந்தக் கருவி பொருந்தும் என்ற மதிப்பீடு, நிறுவித் தருதல், பயிற்சி, பராமரிப்பு, பழுதுபார்ப்பு, புதுப்பித்தல் ஆகியவற்றின் செலவையும் மாநில அமைப்பு இந்த நிதியிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். அதனால் கருவி உடையும்வரை காத்திருக்க வேண்டாம். "மின்னஞ்சல் திறப்பதில்லை, ஐபோனோடு இணைவதில்லை" என்று எது நடக்கவில்லையோ அதைக் குறிப்பாக எழுதிக் கேளுங்கள். தொலைத்தொடர்புக்கும் இணையத்துக்குமான உதவி என்பதால், அந்தக் காரணத்தைச் சொன்னால்தான் கோரிக்கை நிற்கும். வருமானம் சரிபார்த்து ஓராண்டு தாண்டியிருந்தால், புதுக் கருவி கேட்கும்போது மறுபடி காட்ட வேண்டியிருக்கும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் கருவி உங்களோடு வரும். ஆனால் அதை விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது.

மதிப்பீட்டுக்கு வருபவரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கருவி ஹெச்ஐடி பிரெய்ல் தரத்தை ஏற்குமா? 2018-இல் வந்த இந்தப் பொதுத் தரம் இருந்தால், அதை ஏற்கும் கணினி, போன்களோடு டிரைவர் எனும் தனி இணைப்பு மென்பொருள் இல்லாமல் இணையலாம். உள்ளே இருக்கும் மென்பொருள் பழசானாலும் கருவி வெறும் பிரெய்ல் திரையாகவாவது இன்னும் பல ஆண்டு உழைக்கும். என்னைக் கேட்டால், கூடுதல் வசதிகளைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், பழைய கருவியை ஒப்படைக்கும் முன் அதிலுள்ள குறிப்புகளை எடுத்துவிடுங்கள். ஏபெக்ஸ் போன்றவற்றில் கோப்புகள் கேடபிள்யூபி என்ற தனி வடிவில் கிடக்கும். கருவி உயிரோடு இருக்கும்போதே அவற்றை பிஆர்எஃப் (பல பிரெய்ல் கருவிகளும் படிக்கும் பொது வடிவம்) அல்லது சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக மாற்றி ஒரு மெமரி கார்டில் வையுங்கள். பேட்டரி செத்த பிறகு அந்த வேலை பெரும்பாடு.