பீடோரில் இழுத்த கலப்பை தெலுக் இந்தானில் ஏன் நின்றது?

என் சித்தப்பா மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில், பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன மணல் நிலத்தில் பல ஆண்டுகள் சோளம் போட்டவர். அவரிடம் 50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றும், மூன்று கொழுக்கள் கொண்ட வளைபலகைக் கலப்பையும் இருந்தன. பிறகு அதே மாநிலத்தின் தெலுக் இந்தானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே அதே டிராக்டர் இருபது அடி போவதற்குள் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தன.

“எஞ்சினுக்குச் சக்தி போதவில்லையா, சித்தப்பா?” என்று கேட்டேன்.

“எஞ்சின் திணறவே இல்லையப்பா. காலுக்குத்தான் பிடி இல்லை” என்றார்.

டிராக்டருக்குக் கலப்பை பொருத்துவதில் பாதி அறிவியல் அந்தப் பதிலில் இருக்கிறது. வாங்கும்போது எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்கிறோம். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது மண்ணை.

வளைபலகைக் கலப்பையின் கொழு மண்ணை அடியில் அறுக்கிறது. வளைந்த பலகை அதைத் தூக்கிப் புரட்டிப் பக்கத்துச் சாலில் கவிழ்க்கிறது. ஒரு கொழு 35 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அதை இழுக்க, பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுச் சூத்திரத்தின்படி, களிமண்ணில் ஏறக்குறைய 600 கிலோ இழுவிசை தேவை. மணலில் 270 கிலோ போதும். ஆகவே மூன்று கொழுவுக்கு பீடோரில் 800 கிலோ சொச்சம். ஒரு மணி நேரப் பயணத் தொலைவுகூட இல்லாத இந்தக் கடலோரக் களிமண்ணில் 1,800 கிலோ.

டிராக்டரால் எவ்வளவு இழுக்க முடியும் என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. சக்கரத்தின் மேல் அழுந்தும் எடையும், அடியில் இருக்கும் மண்ணின் உறுதியும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. உறுதியான நிலத்தில் பின்சக்கர டிராக்டர் தன் எடையில் சுமார் பாதியளவு இழுக்கும். இளகிய நிலத்தில் அதைவிடக் குறைவு. சித்தப்பாவின் வண்டி 2,200 கிலோ எடை கொண்டது. 1,800 கிலோவை அது இழுக்கவே முடியாது. இன்னும் பெரிய எஞ்சினைப் பூட்டியிருந்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றிருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்கு 1920களில் ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்தார். மண் இறுகினால் மேல் இணைப்புத் தண்டு முன்னோக்கி அழுந்தும். அதை உணர்ந்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைச் சிறிது உயர்த்தும். சுமை குறைவதோடு, கலப்பையின் எடையும் மண்ணின் எடையும் பின்சக்கரத்தின் மேல் இறங்கிப் பிடியைக் கூட்டும்.

களிமண்ணுக்கு ஒட்டும் குணமும் உண்டு. அமெரிக்கப் புல்வெளியின் பிசுபிசுப்பான மண் வார்ப்பிரும்புக் கலப்பைகளில் அப்பிக்கொண்டதால்தான், 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் மெருகேற்றிய எஃகில் கலப்பை செய்தார். துருப்பிடித்த பலகையில் மண் வழுக்காது. மண்ணின் மேல் மண் உரசி இழுவிசை ஏறிவிடும். பலகையைச் சட்டங்களாகப் பிரித்துச் செய்யும் கலப்பையும் உண்டு. மண் தொடும் பரப்பு குறைவதால் ஒட்டுவதும் குறைகிறது. மணலில் ஒட்டும் தொல்லை இல்லை, ஆனால் கொழுமுனை விரைவில் தேய்ந்துவிடும். வேர் மண்டிய செம்பனை மறுநடவு நிலத்துக்கு, வட்டத் தட்டுகளால் வேர்களின் மேல் உருண்டு ஏறிச் செல்லும் சட்டிக் கலப்பையே நல்லது.

ஈரத்தை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நூலாகத் திரிந்தால் ஈரம் அதிகம். அப்போது உழுதால் சாலின் அடி மெழுகியதுபோல் இறுகிவிடும். உதிர்ந்தால் உழலாம். நம் மழையில் இந்தப் பதம் சில நாள்களே நிற்கும். அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வேகத்திலும் கவனம் தேவை. மணிக்கு 6 கிலோமீட்டரிலிருந்து 9க்கு ஏற்றினால் இழுவிசை கால் பங்கு கூடும், தேவைப்படும் திறனோ கிட்டத்தட்ட இரு மடங்காகும்.

சித்தப்பா கடைசிக் கொழுவைக் கழற்றினார். ஆழத்தை 15 சென்டிமீட்டராகவும் வேகத்தை மணிக்கு 5 கிலோமீட்டராகவும் குறைத்தார். கணக்கிட்டால் ஏறக்குறைய 830 கிலோ வருகிறது. பீடோர் மணலில் அந்த வண்டி பழகிய அதே சுமை. கொழு குறைந்ததால் இழுப்பு ஒரு பக்கமாகச் சாய, கலப்பையைப் பக்கவாட்டில் நகர்த்திச் சரிசெய்தார்.

பிறகு டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்றில் வண்டி 40 மீட்டர் போனது. கலப்பையை இறக்கியபோது அதே பத்துச் சுற்றில் 35 மீட்டர். அந்த 5 மீட்டர் குறைவுதான் சக்கரத்தின் வழுக்கல், 12.5 விழுக்காடு. அது 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். பொழுது சாய்வதற்குள் ஒரு ஏக்கரை முடித்துவிட்டார்.