கிளிப்பிங்: ‘கத்தரிப்பு’ வேண்டாம், ‘தலைதட்டு’ போதும்

குன்னூரில் எங்கள் கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி, போன வாரம் கேபிள்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன். “அண்ணே, பயிற்சியில குடுத்த நோட்ஸ்ல சிக்னல் கத்தரிப்புன்னு போட்டிருக்கு. எங்கயோ வயர் கட் ஆகுது போல” என்றான்.

வயரில் ஒரு குறையும் இல்லை. அவன் புதிதாக வாங்கியிருப்பது உள்ளேயே பேட்டரி வைத்த ஆக்டிவ் பேஸ். அதன் வலுவான சிக்னல், ஒலியை மாற்றக் காலடியில் வைக்கும் பெட்டிகளான பெடல்களில் முதலாவதற்குள் அடங்கவில்லை. இதைத்தான் ஆங்கிலத்தில் கிளிப்பிங் என்கிறார்கள். ‘கத்தரிப்பு’ என்ற மொழிபெயர்ப்பை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துச் சலித்திருக்கிறேன். அது ஒருவனை நேராகத் தப்பான இடத்துக்கு அனுப்பியதை இப்போதுதான் பார்த்தேன். வயர் அறுகிறது என்று நினைப்பவன் அடுத்து வால்யூமைத்தான் கூட்டுவான். கூட்டியும் வைத்திருந்தான்.

சொல்லின் வேர் எளிது. வெட்டுவதைக் குறிக்கும் கிளிப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆட்டு மயிரைக் கத்தரிப்பது, கிளை நுனியை நறுக்குவது எல்லாம் அதில் அடங்கும். காகிதத்தைப் பிடிக்கும் கிளிப்புக்கு வேர் வேறு. அது தழுவுதல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல். மின்னணுக்காரர்கள் எடுத்துக்கொண்டது முதலாவதை.

நடப்பது இதுதான். 9 வோல்ட்டில் ஓடும் பெடலில் பெரும்பாலும் சிக்னல் 4.5 வோல்ட்டை நடுவாக வைத்து மேலும் கீழும் ஆடும். மேலே 9, கீழே 0. நடைமுறையில் அந்த எல்லைகளையும் முழுதாகத் தொட முடியாது. சாதாரண பேஸை நிதானமாக வாசித்தால் சிக்னல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டைத் தாண்டாது. ஆக்டிவ் பேஸில் கீழ்ச்சுருதியைக் கூட்டிவிட்டுக் கம்பியைக் கட்டைவிரலால் அடித்தால் பல வோல்ட் எழும். பெடல் அதை இன்னும் பெருக்கப் பார்க்கும். கூரைக்கு மேல் போக வழியில்லாததால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். 41 ஹெர்ட்ஸில் உருண்டு வரவேண்டிய தடித்த கம்பியின் நாதத்தில், அந்தத் தட்டையால் 123, 205 ஹெர்ட்ஸ் என்று மேல் அதிர்வுகள் கூடிக் கரகரக்கும்.

இதில் எங்கே இருக்கிறது கத்தரிப்பு? சத்தம் நிற்கவில்லை, தொடர்ந்துதான் வருகிறது. நம் பேச்சில் வெட்டு, கட் என்றாலே தொடர்ச்சி அறுவது. கரன்ட் கட், லைன் கட், குரல் விட்டுவிட்டுக் கேட்டால் “கட் ஆகுது”. கத்தரித்தால் ஒன்று இரண்டாகும். இங்கே குறைவது உயரம். நீளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியவர் அலையின் படத்தை ஒருமுறை பார்த்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார். இவர்கள்தான் கெயினை ‘ஆதாயம்’ என்றும் ஹெட்ரூமைத் ‘தலையறை’ என்றும் எழுதுகிறார்கள். பெருக்கம் என்றால் புரியாதா? மேலே மிச்சமிருக்கும் இடம் என்றால் எந்த வாத்தியக்காரனுக்கு விளங்காது? தமிழில் எழுதுகிறோம் என்ற திருப்தி எழுதுபவருக்குக் கிடைக்கிறது. படிப்பவன் வயரைக் கழற்றுகிறான். எனக்குத் தனித்தமிழ் மேல் பகை கிடையாது. பெடலைப் பெடல் என்று விட்டுவிடுவதிலும் வெட்கமில்லை. ஆனால் பொருளைத் திருப்பிவிடும் தமிழைவிட ‘கிளிப்பிங்’ என்ற இரவல் சொல்லே மேல்.

நண்பர் ஒருவர், செடியை நறுக்கி மட்டமாக்குவதைச் சொல்லும் ‘கவாத்து’ என்று வைக்கலாமே என்றார். இந்த மலையில் யாருக்கும் தோன்றுவதுதான். மட்டமாக நிற்கும் தேயிலைச் செடிகளைப் பக்கவாட்டில் பார்த்தால் தட்டையான அலை உச்சி மாதிரியேதான் இருக்கும். நானும் கொஞ்ச நாள் அந்தச் சொல்லில் மயங்கியிருந்தேன். ஆனால் கவாத்து செய்த செடி துளிர்க்கும், துளிர்க்கத்தான் கவாத்து. தட்டையான அலை திரும்ப வளராது. பின்னால் வரும் பெடலில் எவ்வளவு குறைத்தாலும் அது சின்னதாகுமே தவிர, போன உச்சி வராது. போலீஸ் கவாத்து வேறு குறுக்கே நிற்கிறது.

எனக்குப் பிடித்த சொல் மேட்டுப்பாளையத்தில் எங்கள் அமுச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், இருந்தது. அரிசியைப் படியில் குவித்து அளப்பது ஒரு விதம். விளிம்புக்கு மேல் நிற்பதைக் கையால் வழித்துவிட்டு அளப்பது இன்னொன்று. அதற்குத் ‘தலை தட்டி அளப்பது’ என்று பெயர். விளிம்பு வரை உள்ளது அப்படியே இருக்கும், மேலே எழுந்தது மட்டும் போகும், மேல்பக்கம் மட்டமாகும். கிளிப்பிங்கும் அதேதான். தாழ்ந்த நிலைப்படியில் தலை தட்டுவது நினைவுக்கு வருமே என்றார் நண்பர். வரட்டும், அதுவும் பொருந்துகிறது. கூரை தாழ்ந்தால் தலை தட்டும். ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ், டிஸ்டார்ஷன் பெடல்களில் டயோடு என்ற சின்ன மின்பாகத்தை வைத்து வேண்டுமென்றே செய்வதையும் தலைதட்டு என்றே சொல்லலாம். படிப்படியாக வளைத்தால் மென் தலைதட்டு, சட்டென்று தட்டினால் வன் தலைதட்டு.

சொல்லை மாற்றியதும் தம்பிக்கு வேலை தானாகப் புரிந்தது. கூரையைத் தூக்கு, அல்லது தலையைக் குனி. 18 வோல்ட் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொன்ன பெடலுக்கு மட்டும் 18 கொடுத்தோம். பேஸில் வால்யூமைக் குறைத்து, அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பைக் கம்பியிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினோம். 6 டெசிபல் குறைந்தாலே வோல்ட் பாதியாகும். பல ஆம்ப்களில் ஆக்டிவ் என்று தனித் துளை இருப்பதும் இதற்காகத்தான். ஏறி இறங்கும் சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் பெடலை முதலில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தான். அதன் வாசலிலேயே தலை தட்டினால் அது என்ன செய்யும்?

இங்கே டிசம்பர் குளிரில் இன்னொன்றும் உண்டு. பேஸுக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்து 7க்கு இறங்கினால் பேஸுக்குள்ளேயே கூரை தாழ்ந்துவிடும். அப்புறம் வெளியே எந்தக் குமிழைத் திருகியும் பயனில்லை. பாடல் பவனிக்குப் போகும்போது மாற்றுப் பேட்டரி ஒன்றை ஸ்வெட்டருக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.